எட்டுப் படங்களும் ஒரு கையெழுத்தும்



பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் போகாமலே சொல் போனவள் என் தங்கை. எட்டாவது படிக்கிறாள். மேல்வரிசைப் பற்கள் முன்தள்ளி இருப்பதால் வாயைக் கையால் மூடித்தான் சிரிப்பாள். பதில் தெரிந்தாலும் வகுப்பில் எழுந்திருக்க மாட்டாள். சென்ற ஆண்டு அம்மாவும் நானும் அவளை அரசு பல் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம்.

கிளிப் போடுமுன் எட்டுப் படங்கள் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. முகம் மூன்று: நேராக, சிரித்தபடி, பக்கவாட்டில். வாய்க்குள் ஐந்து: முன்புறம், வலம், இடம், மேல்தாடை, கீழ்தாடை. அடடா! டிராயிங் ஹாலில் நாம் போட்ட பிரண்ட் வியூ, சைடு வியூ, டாப் வியூ அல்லவா இது! டேட்டம் லைன் கூட உண்டு. காதுத் துளையையும் கண்குழியின் கீழ் விளிம்பையும் சேர்க்கும் கோடு தரைக்கு இணையாக இருக்க வேண்டுமாம்.

தாடையைக் காட்ட ஒரு கண்ணாடி. மூச்சுக்காற்றில் மங்காதிருக்க அதை வெந்நீரில் முக்கி எடுத்தார்கள்.

"செல்போன்ல எடுத்தா ஆகாதா மேடம்?" என்றேன்.

"ரொம்பக் கிட்ட வெச்சு எடுத்தா மூக்கு பெருசா விழும் தம்பி. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ்னா தள்ளி நின்னு எடுக்கலாம். லென்ஸ் துளையைச் சின்னதாக்கினாத்தான் முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் ஒண்ணாத் தெளிவா வரும். வெளிச்சம் குறையும், அதுக்குத்தான் இந்த வளைய பிளாஷ்" என்றார். ஒவ்வொரு முறையும் அதே தூரம், அதே வெளிச்சம் இருந்தால்தான் முன்னையும் பின்னையும் ஒப்பிட முடியும்.

அம்மாவுக்குப் பயம். "பொம்பளப் புள்ள போட்டோவ எங்கயாச்சும் போட்டுட்டா?"

டாக்டரம்மா சம்மதப் படிவத்தை நீட்டினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். வரிவரியாக வாசித்துச் சொன்னேன். சிகிச்சைக்கு, பாடம் நடத்த, அச்சிட என்று மூன்று கட்டங்கள். "மூணாவது வேணாம்மா" என்றாள் தங்கை. "அதனால வைத்தியத்துல ஒரு குறையும் வராது" என்றார் டாக்டரம்மா. அம்மா கைநாட்டு வைத்தார். சாட்சியாக நான் கையெழுத்திட்டேன். ஹால் டிக்கெட்டில் போட்ட கையெழுத்தை விட அது பெரிதாகத் தோன்றியது.

ஆறு மாதம் கழித்துப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். தினமும் பார்த்த எங்கள் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் படத்தில் தெரிந்தது. சிகிச்சை இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வகுப்பில் கை தூக்குகிறாளாம்!

நண்பர்களே, அளக்காமல் அறுக்காதே என்பது நம் ஒர்க்‌ஷாப் பாடம். கேட்காமல் படம் எடுக்காதே என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்வோம். நம் வீட்டுப் பெரியவர்கள் கைநாட்டு வைக்கும் ஒவ்வொரு தாளையும் முதலில் வாசித்துச் சொல்வோம். நாம் படித்த படிப்பு அதற்கும்தான்.