பெயர் ஒன்று, எண் வேறு

ஆய்வேட்டை ஒப்படைக்கும் தறுவாயில் உள்ள புணே நண்பர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: நிறுவனத்தின் டொமைனிலிருந்து கணினியை விடுவித்தால், ஐந்தாண்டுகளாகப் பழக்கிவைத்த அமைப்புகள் அழிந்துவிடுமா? உரிய அனுமதியுடன் சென்ற மாதம் என் மடிக்கணினியை விடுவித்தேன். அதில் அறிந்தவற்றை இங்கே பதிவுசெய்கிறேன்.

அழிவதில்லை. பழைய கணக்கின் கோப்புறை, சி வட்டில் 'யூசர்ஸ்' என்பதன்கீழ் அப்படியே இருக்கும். அக்கணக்கில் நுழையும் வழிதான் அடைபடும். பெயரும் பெயர் சுட்டும் பொருளும் வேறு என்பது மொழியியலார்க்குத் தொடக்கப் பாடம். விண்டோஸும் நம்மைப் பெயரால் அறிவதில்லை. எஸ்-1-5-21 எனத் தொடங்கும் நீண்ட அடையாள எண்ணால் அறிகிறது. பழைய எண் டொமைன் தந்தது. அதே பெயரில் உள்ளகக் கணக்கைத் தொடங்கினாலும் கணினி புதிய எண்ணையே தரும். அதற்கு நாம் அயலார்.

என் கவலை சொல்திருத்தியின் தனி அகராதியைப் பற்றியது. புணே கேம்ப் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் பேச்சைப் படியெடுக்கையில், சிவப்புக் கோடிட்டுப் பிழையெனக் காட்டப்பட்ட வழக்குச் சொற்களை ஒவ்வொன்றாக அதில் சேர்த்திருந்தேன். அக்கோப்பு 'ஆப்டேட்டா' என்னும் மறைந்த கோப்புறையில் இருக்கிறது. ஆவணங்களை மட்டும் படியெடுப்போர் அதனை விட்டுவிடுவர்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில், நிர்வாகி உரிமையுள்ள உள்ளகக் கணக்கொன்றை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லால் ஒருமுறை நுழைந்து பாருங்கள். அஃதின்றி விலகினால் வாசலுக்கு வெளியே நிற்க நேரும். அடுத்து, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் தனியே ஏற்றுமதி செய்யுங்கள். விண்டோஸ் வழியே மறையாக்கம் செய்த கோப்புகளையும் அவிழ்த்துவிடுங்கள். இவை பழைய கணக்கோடு பிணைந்தவை. கோப்புறையைப் படியெடுத்தாலும் திறவா. வெளிவட்டில் ஒரு முழுப் படியும் எடுங்கள்.

விலகியபின், பழைய கோப்புறையின் உரிமையையும் அதனுள் இருக்கும் 'என்.டி.யூசர்.டேட்' பதிவேட்டின் உரிமையையும் புதிய எண்ணுக்கு மாற்றி, புதிய கணக்கை அக்கோப்புறையோடு இணைக்க வேண்டும். ஃபோரன்சிட் நிறுவனத்தின் யூசர் புரொஃபைல் விஸார்டு இப்பணிக்கென்றே அமைந்தது. பதிவேட்டில் கைவைக்கத் தயங்குவோர் அதனை நாடலாம்.

எல்லாம் சரியாக வந்ததெனத் தோன்றினாலும் வெளிவட்டுப் படியை உடனே நீக்காதீர்கள். எது விடுபட்டது என்பது அது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.