வெளியே சொட்டாத கசிவு

லான்ஸ் நெய்பாவர் வடிவமைத்த லான்கேர் 320, 360 ஆகிய இருவர் விமானங்கள், உதிரிபாகத் தொகுப்பாக வாங்கப்பட்டு, உரிமையாளரின் கராஜிலோ சிறு விமான நிலையக் கொட்டகையிலோ உருப்பெற்றவை. இவ்வாறு கட்டியவரே ஆண்டுச் சோதனையைச் செய்து கையொப்பமிடும் உரிமத்தைப் பெற அமெரிக்கச் சட்டம் இடமளிப்பதால், பழுது பார்ப்பவரும் அந்த வேலையை நம்பிப் பறப்பவரும் பல வேளைகளில் ஒருவராகவே இருக்கின்றனர்.

இவ்விமானங்களின் சக்கரங்கள் பறக்கும்போது உள்ளே மடங்குகின்றன. மின்மோட்டாரால் இயங்கும் பம்ப் எண்ணெயை அழுத்த, சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் நகர்ந்து சக்கரத்தை மடக்குகிறது; குறித்த அழுத்தம் எட்டியதும் பிரஷர் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்துகிறது. மடங்கிய சக்கரத்தைப் பிடித்துவைக்கக் கொக்கி ஏதும் இல்லை. குழாயில் அடைபட்ட எண்ணெயின் அழுத்தமே அதைத் தாங்குகிறது. ஆகவே அழுத்தம் இறங்கும்போதெல்லாம் மோட்டார் மீண்டும் ஓடுகிறது. உயரே ஏறியபின் குளிரில் எண்ணெய் சுருங்கி மோட்டார் ஓரிரு முறை இயங்குவது இயல்பே. பயணம் முழுவதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயங்கினால் எங்கோ கசிவு உள்ளது.

வெளியே எண்ணெய் சொட்டினால் துணியும் டார்ச்சும் போதும். ஒரு துளியும் வெளிவராமல் அழுத்தம் மட்டும் குறைவதே கடினமான பழுது. அடிபம்பில் வாஷர் தேய்ந்தால் தண்ணீர் பக்கவாட்டில் நழுவுவது போல, பிஸ்டனைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் கீறுபட்டால், பிஸ்டனின் ஒருபுறமுள்ள மடக்கும் பக்கத்து எண்ணெய் மறுபுறமுள்ள இறக்கும் பக்கத்துக்குச் சென்றுவிடுகிறது. அவசர வால்வு சரியாக மூடாவிட்டாலும் இதே விளைவுதான். மின்சாரமோ பம்போ செயலிழந்தால் இருபக்க எண்ணெயையும் இணைத்து, சக்கரம் பம்பின் துணையின்றி விழும்படி செய்வது அந்த வால்வின் பணி. பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வில் தூசி சிக்குவதும் உண்டு.

விலையுயர்ந்த பம்பை முதலில் மாற்றும் பழக்கம் வருந்தத்தக்கது. பிரித்தறியும் வழி எளியது. விமானத்தை ஜாக்கிகளில் ஏற்றிச் சக்கரங்களை மடக்கி, மோட்டாரின் மின்னிணைப்பைத் துண்டித்தபின், ஒரு சிலிண்டரின் இறக்கும் பக்கக் குழாயைக் கழற்றி, அதன் வாயை மூடிவிட்டு, சிலிண்டரின் திறந்த துளையைக் கவனிக்கின்றனர். துளையில் இருந்த எண்ணெய் வடிந்து முடிந்தபின்னும் சிவப்பு எண்ணெய் மெல்ல ஊறிவந்தால் குற்றவாளி அந்த ஓ-ரிங்தான். மூன்று சக்கரங்களின் சிலிண்டர்களும் உலர்ந்திருந்தால் சந்தேகம் அவசர வால்வின் மேலும் பம்பின் மேலும் விழுகிறது. இவ்வேலையின்போது சக்கரம் விழும் பாதையில் எவரும் கைவைப்பதில்லை. அழுத்தமுள்ள கசிவை விரலால் தடவுவதும் இல்லை; ஊசிமுனை போன்ற தாரை தோலைத் துளைத்து உள்ளே இறங்கும் என்பதால் அட்டைத் துண்டையே நீட்டுகின்றனர்.

புதிய வளையம் பொருத்துமுன் சிலிண்டரின் உட்சுவரை விரல்நகத்தால் வருடிப் பார்ப்பது அவசியம். நகம் தட்டும் கீறல் இருப்பின் புது வளையமும் விரைவில் அறுபடும். விமானங்களுக்குரிய சிவப்புக் கனிம எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் பொருந்தும். கார் பிரேக் எண்ணெய்க்கான ரப்பரோ அதில் ஊறி வீங்கிவிடும். குழாய்களை மீண்டும் பூட்டிச் சக்கரங்களைப் பலமுறை மடக்கி இறக்கிக் காற்றை வெளியேற்றியபின், அவசர வால்வைத் திறந்து, பம்பின் துணையின்றி மூன்று சக்கரங்களும் இறங்கி உறுதியாகப் பூட்டிக்கொள்வதைக் கண்ட பிறகே விமானம் ஜாக்கியிலிருந்து இறக்கப்படுகிறது.