வேலி போயிடுச்சு, தூதுவளை இருக்கு

தக்காளி, கத்திரி, மிளகாய், புகையிலை, ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம்னு சொன்னா நம்புவீங்களா? அந்தக் குடும்பத்துல உடம்பெல்லாம் முள்ளோட திரியுற சொந்தக்காரர்தான் நம்ம தூதுவளை. தாவரவியல்ல சொலானம் ட்ரைலோபேட்டம்னு வாயில நுழையாத பேர். ஒரு தடவை வேர் பிடிச்சா வருஷக்கணக்குல இருக்கும்.

எங்க ஊர்ல இதை யாரும் வளர்த்ததே இல்லைங்க. வேலியில அதுபாட்டுக்குக் கிடக்கும். வீட்ல யாராவது இருமினா, "போயி நாலு எலை பறிச்சிட்டு வாடா"ன்னு அப்பத்தா அனுப்பும். கையைக் கிழிச்சுக்கிட்டுப் பறிச்சுட்டு வருவோம். ராத்திரிக்கு ரசமோ துவையலோ ரெடி. வள்ளலார் பரிந்துரைச்ச மூலிகைகள்ல இதுவும் ஒண்ணுங்கறதெல்லாம் நான் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது.

வேலி இருந்த இடத்துல எல்லாம் இப்ப காம்பவுண்டு சுவர். எங்க வீட்டு வேலியையும் 2023ல எடுத்துட்டாங்க. அதுக்கு முந்தின வாரம் ஊருக்குப் போனப்ப நாலு தண்டு வெட்டி ஈரத்துணியில சுத்தி சென்னைக்குக் கொண்டு வந்தேன். ரெண்டு பிழைச்சுது. ஆணி பிடுங்கற நேரம் போக மிச்ச நேரம் நான் பால்கனி விவசாயி :-)

வளர்க்கிறது சுலபம். பென்சில் கனத்துக்கு முத்தின தண்டா, ஒரு சாண் நீளம், மூணு கணு இருக்கற மாதிரி வெட்டிக்கங்க. ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகணும். செம்மண், மணல், மக்கின எரு மூணும் சம அளவு. தொட்டியில தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். துளிர் விடற வரைக்கும் நிழல், அப்புறம் நல்ல வெயில். படர ஒரு கயிறோ குச்சியோ போதும். விதைன்னா, சிவப்பாப் பழுத்த பழத்தைப் பிசைஞ்சு கழுவி, நிழல்ல காயவெச்சுத் தூவுங்க. மாவுப்பூச்சி வந்தா வேப்பெண்ணெயோட கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து அடிங்க. அடிக்கடி கிள்ளினாத்தான் புதுக்கிளை வரும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குடும்பத்துல ஊமத்தை மாதிரி விஷக்காரங்களும் உண்டு. வளைஞ்ச முள்ளு, ஊதாப்பூ, சிவப்புப்பழம் மூணையும் பார்த்துட்டு, தெரிஞ்சவங்ககிட்டயும் காட்டிட்டுத்தான் வாயில வைக்கணும். மூச்சுத்திணறல்னா டாக்டர்கிட்டதான் போகணும், ரசத்தை நம்பி உக்காரக் கூடாது.

அப்பத்தா இப்ப எங்களோடதான் இருக்கு. ஃப்ளாட்டுல அதுக்கு வேலையே இல்லை, பேச ஆளும் இல்லை. ஞாயித்துக்கிழமை மட்டும் முறத்தை மடியில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு எலையா முள்ளைக் கிள்ளும். நெய்யில வதக்கினா மிச்சமீதி முள்ளும் அடங்கிடும்னு என் மனைவிக்குப் பாடம் எடுக்கும். அன்னிக்கு முழுக்க வீட்ல அது குரல்தான்.

சுவர் கட்டினவங்க யாரும் திரும்ப வேலி போடப்போறதில்லை. தானா முளைச்சது போதும், இனிமே நாமதான் நடணும். எதிர் ஃப்ளாட்டுக்கு ரெண்டு தண்டு கொடுத்தாச்சு. அங்கயும் துளிர் விட்டுடுச்சாம்.