பலெர்மோவில் ஒரு பகல்

துனிஸிலிருந்து இரவுக் கப்பலேறி, காலையில் சிசிலித் தீவின் பலெர்மோ துறைமுகத்தில் இறங்கினேன். ஒரு பகற்பொழுதே கையிலிருந்தது. இத்தாலியின் இப்பழம்பெரும் நகரை நடந்தே காண்பதென்று புறப்பட்டேன்.

கி.பி. 831-இல் முஸ்லிம்கள் வசமான இந்நகர், 1072-இல் நார்மன்கள் கைக்கு மாறியது. இடையில் தீவின் தலைநகராய் விளங்கியது. பத்தாம் நூற்றாண்டில் இங்கு வந்த பயணி இப்னு ஹவ்கல், ஏறக்குறைய 300 பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதியுள்ளார். அவற்றுள் ஒன்றையும் இன்று காணவியலாது. ஆயினும் நகரின் நெடுந்தெருவை மக்கள் இன்றும் 'கஸ்ஸாரோ' என்றே அழைக்கின்றனர். கோட்டையைக் குறிக்கும் 'அல்கஸ்ர்' என்ற அரபுச் சொல்லே அது!

நண்பகலில் பலாரோ சந்தையை அடைந்தேன். கடலைமாவைக் கிளறித் தகடாக்கிப் பொரித்த 'பனெல்லே' வாங்கி நின்றபோது, "எந்த ஊர் ஐயா?" என்று தமிழ்க் குரல் கேட்டது. நடுத்தர வயதினர், போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராம். இந்நகரில் இலங்கைத் தமிழர் பலர் வாழ்கின்றனர். என் தொப்பியைப் பார்த்தவர், "பெரிய கோயில் வாசல் தூணில உங்கட வேதம் எழுதியிருக்கு. பாக்காமல் போயிடாதேங்கோ" என்றார்.

முதலில் அரண்மனைக்குச் சென்றேன். மன்னர் இரண்டாம் ரோஜர் எழுப்பிய தேவாலயம் 1140-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் மரக்கூரை தேனடை போன்ற முகர்னஸ் வேலைப்பாடு. ஓரங்களில் கூஃபி எழுத்துகள். அருகே 1142-ஆம் ஆண்டின் நீர்க்கடிகாரக் கல்வெட்டு இலத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அல்இத்ரீஸி தம் புவியியல் நூலை 1154-இல் நிறைவு செய்ததும் இம்மன்னருக்காகவே.

பின்னர் பேராலயத்தின் தெற்கு வாசலில் நின்றேன். முன்பு பள்ளிவாசல் இருந்த இடம் அது. இடப்புறத் தூணில் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 54-ஆம் வசனம்! இரவும் பகலும், கதிரவனும் திங்களும் இறையாணைக்கு அடங்கியவை என்று உரைக்கும் வசனம். மதரஸாவில் எத்தனையோ முறை கற்பித்த சொற்கள்; அங்கே ஓதும்போது நாக்குத் தழுதழுத்தது. தூணைக் காத்த இம்மண், அதைப் படிக்கத் தெரிந்தோரைக் காக்கவில்லை. ரோஜரின் பேரர் இரண்டாம் ஃபிரெடெரிக், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிசிலி முஸ்லிம்களைப் பெயர்த்துத் தென்னித்தாலியின் லூசேராவில் குடியமர்த்தினார். 1300-இல் அங்கும் அவர்கள் சிதறடிக்கப்பட்டனர்.

அஸர் நேரம் நெருங்கியது. அருகிலுள்ள சந்தொன்றில், 1990-இல் கிறித்தவ மறைமாவட்டம் தொழுகைக்கென வழங்கிய பழைய தேவாலயம் ஒன்று பள்ளிவாசலாக இருக்கிறது. அங்கே தொழுதேன். பறித்ததும் ஈந்ததும் ஒரே நகரந்தான் என்ற எண்ணம் நெஞ்சை இளக்கியது.

ஊர் திரும்பியதும் அவ்வசனத்தை ஓதும் மாணவர்களிடம் இத்தூணின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஊரிழந்த மக்களின் எழுத்தை எனக்குக் காட்டியவர், ஊரிழந்து வந்த மற்றொருவர்தாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.