மீட்கத்தக்கவை

'மீள்' என்பது சின்னஞ்சிறு சொல். அதன் குடும்பமோ பெரிது. மீண்டும், மீட்சி, மீட்பு யாவும் அதன் வழிவந்தவையே. தானே திரும்புதல் மீள்தல். பிறர் கையில் உள்ளதைத் திருப்பிக் கொணர்தல் மீட்டல். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கச் சென்ற வீரர் கரந்தைப் பூச் சூடினர் என்கிறது புறப்பொருள் இலக்கணம். (நகையை மீட்டான், வீணையை மீட்டினான் என்னும் வேறுபாடு இங்கு வளரும் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமோ, ஐயமே.)

புகைவண்டி நிலையத்தில் குமாஸ்தாவாகிய எனக்கு நாள்தோறும் காதில் விழும் சொல் 'ரத்து'. அதுவும் மீட்பும் ஒன்றே என்று எண்ணுவோர் பலர். இடம் உறுதியான தட்கால் சீட்டை ரத்து செய்யலாம். வண்டியே ஓடாமற்போனால் போன்ற சில நேரங்களில் அன்றிப் பணம் திரும்பாது. பயணம் அழிந்தது, பொருள் மீளவில்லை.

சென்ற ஆண்டு இவ்வேறுபாடு எங்கள் வீட்டுக்கே வந்தது. தங்கையின் திருமணச் செலவுக்காக ஊரிலுள்ள நன்செயை விற்றுவிடலாம் என்று தமையனார் எழுதினார். விற்க வேண்டாம், ஒத்தி வைப்போம் என்று நான் மறுமொழி எழுதினேன். ஒத்தியில் பணம் கொடுத்தவர் நிலத்தைத் தம் அனுபவத்தில் வைத்து விளைவை எடுத்துக்கொள்வார். பணத்தைத் திருப்பினால் நிலம் நம்முடையது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இவ்வுரிமையைத் தருகிறது. என்றுமே மீட்கலாகாது என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டாலும் அது செல்லாது. கிரயமோ அப்படியன்று. வாங்கியவர் மனமிரங்கித் திருப்பிக் கொடுத்தாலும் அது மீட்பு ஆகாது. அன்றைய விலைக்குப் புதிதாக வாங்குவதேயாகும்.

ஒத்தியில் கிடைக்கும் தொகை குறைவு. மீதிக்கு என் சேமநிதியில் கை வைக்க நேர்ந்தது. அப்போதுதான் என் மனைவி கேட்டாள்: "நாம் ஊருக்கு மீளப்போவதில்லை. பிள்ளைகளும் இவ்வூரிலேயே பிறந்தவர்கள். நிலத்தை மட்டும் மீட்டு என்ன செய்வது?"

நியாயமான கேள்வி. ஊருக்குத் திரும்புவோம் என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. திரும்ப மாட்டோம் என்று பத்திரத்தில் எழுதிக்கொடுக்கவும் மனம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் மேற்கொண்டு வாதிக்கவில்லை.

ஐந்தாண்டுத் தவணைக்கு ஒத்திப் பத்திரம் பதிவாயிற்று. அஞ்சலகத் தொடர் வைப்புக்கும் தவணை ஐந்தாண்டே. மாதந்தோறும் அதைக் கட்டி வருபவள் அவள்தான்.