வீடு பின்னாலேருந்து தள்ளுது

மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும். மேட்டுல ஏறுறது மாட்டோட கஷ்டம், இறக்கத்துல இறங்குறது வண்டிக்காரனோட கஷ்டம். பாரம் பின்னாலேருந்து தள்ளும். இந்த ஞானம் எனக்கு 45 வயசுல, அமெரிக்காவுல, ஸ்மோக்கி மலையில வச்சுத்தான் கிடைச்சுது.

நான் அட்லாண்டாவுல பொட்டி தட்டுற ஆசாமி. 2022-ல பழைய டிராவல் டிரெய்லர் ஒண்ணு வாங்கினோம். பாக்காதவங்களுக்காக: அடுப்பு, கட்டில், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற 22 அடி வீடு. ரெண்டு ஆக்சில், நாலு சக்கரம். பிக்கப் வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துக்கிட்டுப் போகணும். சாமான் செட்டோட 5,500 பவுண்டு, அதாவது ரெண்டரை டன்.

2023 ஜூன்ல பசங்களுக்கு லீவு விட்டதும் கிளம்பினோம். செரோக்கீ ஊர்லேருந்து 441-ம் நம்பர் ரோட்டுல ஏறி, 5,046 அடி உயரத்துல இருக்கிற நியூஃபவுண்ட் கேப்பைத் தாண்டி, டென்னசி பக்கம் இறங்கினா எல்க்மான்ட். அங்கதான் கூடாரம். கிளம்புறப்ப தங்கமணி கேட்டாங்க, "பிரேக்கெல்லாம் செக் பண்ணிட்டீங்களா?"

"ஓ, பண்ணியாச்சு."

நான் பண்ணின செக் என்ன தெரியுமா? ஸ்டியரிங் பக்கத்துல இருக்கிற பிரேக் கன்ட்ரோலர்ல நம்பர் எரியுதான்னு பாத்தது. எரிஞ்சுது. அவ்வளவுதான்.

ஏறுற வரைக்கும் ஒண்ணும் தெரியலை. இறக்கத்துல ரெண்டாவது வளைவுலயே முதுகுல யாரோ கை வச்சுத் தள்ளுற மாதிரி இருந்துது. கன்ட்ரோலர்ல 6 இருந்ததை 8 ஆக்கினேன். அப்புறம் 10. அதுக்கு மேல நம்பரே கிடையாது. தள்ளல் நிக்கலை. பின்சீட்டுலேருந்து சின்னவன், "அப்பா, என்னமோ கருகுற நாத்தம் வருது" என்றான். டிரெய்லர் பிரேக் சும்மா இருக்க, பிக்கப்போட பிரேக் ரெண்டு வண்டிக்கும் சேர்த்து உழைச்சுக் கருகிக்கிட்டு இருந்துது. கியரைக் குறைச்சு, எஞ்சின் கத்த கத்த உருட்டி, முதல்ல கிடைச்ச ஒதுக்குப்புறத்துல நிறுத்தினேன். கை நடுங்குச்சு. தங்கமணி ஒண்ணும் கேக்கலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துது. பிரேக் ஆற அரை மணி நேரம் காத்திருந்து, மிச்ச தூரத்தை லோ கியர்லயே ஊர்ந்து முடிச்சோம். வீடு திரும்பறப்ப அந்த மலைப்பக்கமே போகலை, சுத்து வழிதான்.

ஊருக்கு வந்ததும் ஒரு ஒர்க்ஷாப்புல காட்டினேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பாக்காம, "நாலு சக்கரத்துக்கும் பிரேக் செட் முழுசா மாத்தணும்" என்று ஆயிரம் டாலருக்கு மேல சொன்னாங்க. சரி, நாமளே பாத்துடலாம்னு ஜாக்கியை எடுத்தேன்.

இந்த எலக்ட்ரிக் பிரேக் ரொம்ப எளிமையான சமாச்சாரம். டிரம்முக்குள்ள ஒரு மின்காந்தம். நாம பிரேக் அழுத்தினா கன்ட்ரோலர் கரண்ட் அனுப்பும். காந்தம் சுத்துற டிரம்மோட உள்முகத்துல ஒட்டி அதுகூடவே இழுபடும். அந்த இழுப்பு ஒரு நெம்புகோலைத் தள்ளி, பிரேக் ஷூ ரெண்டையும் டிரம்முல அழுத்தும். எண்ணெய் கிடையாது, பம்ப் கிடையாது. கரண்ட் குறைஞ்சா பிடி குறையும்.

முதல்ல அட்ஜஸ்ட்மென்ட். ஷூ தேயத் தேய டிரம்முக்கும் அதுக்கும் இடைவெளி கூடும். சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற சின்ன ஓட்டை வழியா, பல்சக்கரம் மாதிரி ஒண்ணைத் திருகி நெருக்கணும். சக்கரம் சுத்த முடியாத அளவுக்கு இறுக்கி, அப்புறம் லேசா உரசுற அளவுக்குத் தளர்த்தணும். நாலுமே தொளதொளன்னு இருந்துது. சரி பண்ணி ஓட்டினா கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

ரெண்டாவது, டிரம்மைக் கழட்டினேன். பேரிங் கிரீஸ் சீலைத் தாண்டி ஷூவுல கசிஞ்சிருந்தா பிரேக் வழுக்கும். அப்படி எதுவும் இல்லை. காந்தமும் தேயலை. மீட்டர் வச்சு அளந்தா ஒவ்வொண்ணும் மூணரை ஓம் பக்கம், நல்ல ஆரோக்கியம்.

மூணாவது, கரண்ட். பிக்கப்போட இணைப்பைக் கழட்டிட்டு, டிரெய்லர்ல இருக்கிற பிரேக்அவே பின்னை இழுத்தேன். ஓடறப்ப டிரெய்லர் அறுந்துக்கிட்டா அதோட சொந்த பேட்டரியே பிரேக் போடுறதுக்காக வச்சது அது. சக்கரத்துப் பக்கத்துல ஒயரைக் கழட்டி அளந்தேன். 12.5 வோல்ட். பேட்டரியில இருக்கிறது அப்படியே இங்கயும் வருது. காந்தம் சரி, ஷூ சரி, வோல்ட்டேஜ் சரி, ஆனா வண்டி மட்டும் நிக்காதாம்!

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட வீடியோ கால்ல புலம்பினேன். கோபி பக்கத்துல முப்பது வருஷமா பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டினவர். டிரெய்லரை போட்டோவுல மட்டும்தான் பாத்திருக்கார். முழுசாக் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏஞ்சாமி, ஓடயில அளந்தியா, நிக்கயில அளந்தியா?"

"ஒயரைக் கழட்டி வச்சு அளந்தேம்ப்பா."

"நிக்கயில எல்லா ஒயரும் யோக்கியந்தான். பாரம் ஏத்திப் பாரு."

சுருக்குன்னு இருந்துது. எங்க ஊர்க் கிணத்துல எத்தனை தடவை பாத்திருக்கேன்! மோட்டார் போடாதப்ப வோல்ட்டேஜ் ஜம்முனு காட்டும். சுவிட்சைப் போட்டதும் சரிஞ்சு, மோட்டார் உறுமிக்கிட்டே நிக்கும். அப்படிக் கருகின காயில்தான் எங்களைப் படிக்க வச்சுது.

மறுநாள் ஒயரை மாட்டிட்டு, காந்தம் கரண்ட் இழுக்கிறப்பவே அளந்தேன். பின் ஆக்சில்ல 7.5 வோல்ட். மூணரை ஆம்பியர் இழுக்க வேண்டிய காந்தத்துக்குக் கிடைச்சது ரெண்டு சொச்சம். மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை சக்கரத்தோட வெள்ளை ஒயர்லயும் வச்சா மூணு வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. ஒண்ணுமே காட்டக் கூடாத இடம் அது. திரும்பிப் போற வழியிலதான் அடைப்பு. அடியில படுத்துத் தேடினா, ஒயரை நசுக்கிச் சேர்க்கிற பிளாஸ்டிக் கிளிப்புகள். உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியா உதிருது. போதாததுக்கு ஒயரே மெலிசு, 14 கேஜ். நாலு காந்தமும் சேர்ந்து 14 ஆம்பியர் வரைக்கும் கேக்குற இடத்துல அது பத்தாது.

முன்னாலேருந்து ஆக்சில் வரைக்கும் போக வர 10 கேஜ் ஒயர் புதுசா இழுத்தேன். (கேஜ்ல நம்பர் குறையக் குறைய ஒயர் தடிமன்.) ஒவ்வொரு இணைப்பையும் பத்த வச்சு, தண்ணி போகாத குழாய் போட்டு மூடினேன். ரெண்டு சனிக்கிழமை, எழுபது டாலர். கரண்ட் இழுக்கிறப்ப அளந்தா 11.7 வோல்ட்.

காலியா இருந்த ஒரு பார்க்கிங் லாட்ல 25 மைல் வேகத்துல, டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுற கை நெம்பை அழுத்தினேன். 10-ல வச்சிருந்த நம்பருக்கு டயர் கிறீச்சிட்டு நின்னே போச்சு. குறைச்சுக் குறைச்சு ஐந்தரையில நிறுத்தினேன். மலையில 10-ன்னு எரிஞ்ச நம்பர், கன்ட்ரோலர் எவ்வளவு அனுப்புதுன்னு சொல்லுச்சே தவிர, சக்கரத்துக்கு எவ்வளவு வந்து சேருதுன்னு சொல்லவே இல்லை. நானும் "பண்ணியாச்சு"ன்னு சொன்னப்ப அதே வேலையைத்தான் பண்ணியிருந்தேன்.

அக்டோபர்ல அதே மலை, அதே இறக்கம். இந்தத் தடவை முதுகுல கை இல்லை. பின்னாடி யாரோ சட்டையைப் பிடிச்சு "மெதுவா போப்பா"ன்னு இழுக்கிற மாதிரி ஒரு சுகம். சின்னவன் தூங்கிட்டான்.

இப்பவும் கிளம்புறப்ப தங்கமணி அதே கேள்வியைக் கேக்கறாங்க. நான் பதில் சொல்றதில்லை. தெரு முனையில ஆளில்லாத இடமாப் பாத்து, மெதுவா உருட்டி, கை நெம்பை ஒரு அழுத்து. எல்லார் தலையும் லேசா முன்னாடி ஆடும். அவங்க "ம்"னு சொன்ன பிறகுதான் மெயின் ரோடு.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லீங்க. வண்டிக்கு அடியில படுக்கறதா இருந்தா ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டு வச்சு, மத்த சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டுப் படுங்க. பிரேக்அவே பின்னை ரொம்ப நேரம் இழுத்து வைக்காதீங்க, காந்தம் சூடேறும். அளக்கறதுன்னா லோடோட அளங்க. இது எங்கப்பா சொன்னது.