பனிக்காலமும் எங்கள் இதயமும்

மார்கழி, தை மாதங்களில் எங்கள் வீட்டில் விடியுமுன்னே குளித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவோம். இடப்பெயர்வுக் காலத்திலிருந்தே குளிர்நீர் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. பனிக்காலத்தில் அவரது கிளினிக் கொப்பியில் எண்கள் ஏறிவிடும். 2009இன் பின் எனக்கு மிஞ்சிய மூத்தவர் அவர் ஒருவரே.

குளிர் பட்டதும், உடற்சூட்டைக் காப்பதற்காகத் தோலிலுள்ள இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றினூடாக இரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்கிறது. இரத்த அழுத்தமும் ஏறுகிறது. குளிர்நீரைத் திடீரென வார்த்தால் மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் உடலின் அதிர்ச்சியே. தொடர்ந்து குளித்துவர இவ்வதிர்ச்சி குறையும். எனினும் இதயநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பழக்கத்தால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது.

அதனால் அம்மா இப்போது வெயில் ஏறிய பின்பே குளிக்கிறார். இரவு முழுவதும் தொட்டியில் குளிர்ந்த நீரை விட, உடன் அள்ளிய கிணற்று நீர் வெதுவெதுப்பானது. அதைக் காலிலிருந்து மெதுவாக வார்க்கிறார். குளிசையையும் ஒருநாளும் விடுவதில்லை.

சகோதரிகளே, நெஞ்சு நோவை 'வாய்வு' என்று பொறுத்துக்கொள்ளும் பெண்கள் எங்களிடையே பலர். நெஞ்சு இறுக்கம், தாடை, முதுகு அல்லது கை நோ, இளைப்பு, குளிர்ந்த வியர்வை ஏற்பட்டால் தாமதியாமல் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். தனியே குடும்பம் சுமக்கும் எங்களுக்கு எங்கள் உயிரும் பிள்ளைகளின் சொத்தே.